ஒழுகும் கூரையும் இருண்ட சாளரங்களும்



மேலை நாடுகளில் ஆலயங்கள் மூடப்படும் செய்தி இப்போது அடிக்கடி வருகிறது. ஒன்று நூலகமாயிற்று, ஒன்று உணவகமாயிற்று, ஒன்று விலைக்கு வந்துள்ளது என்று படிக்கிறோம். ‘அங்கே விசுவாசம் போய்விட்டது’ என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். நாமும் அப்படித்தான் இருந்தோம், கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒரு கிராமத்து மர ஆலயத்தின் முன்னால் போய் நிற்கும்வரை.

அங்கே பணியாற்றும் நம் ஊர் அருட்பணியாளர் ஒருவர்தாம் நம்மை அழைத்துச் சென்றார். ஒரு காலத்தில் பிரான்சிலிருந்து குருக்கள் நம்மிடம் வந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் அந்நாடுகளின் பனிக்குள் கார் ஓட்டிக்கொண்டு, ஞாயிறுதோறும் மூன்று நான்கு ஊர்களில் திருப்பலி நிறைவேற்றுகிறார்கள். அது தனிக் கதை.

அந்த ஊரை ஆங்கிலத்தில் சர்ச் பாயிண்ட் என்பார்கள். புனித மரியா விரிகுடாவின் கரையில் உள்ள ஊர். அங்குள்ள புனித மரியா ஆலயம் 1903-இல் தொடங்கி 1905-இல் கட்டி முடிக்கப்பட்டது. அடித்தளத்துக்கு மேலே முழுக்க முழுக்க மரம். வட அமெரிக்காவின் மிகப் பெரிய மர ஆலயங்களுள் ஒன்று. கோபுரத்தின் உயரம் 56 மீட்டருக்கும் மேல். கடற்காற்று அதைச் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காகக் கோபுரத்துக்குள் 40 டன் கல்லைப் பாரமாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே தூண்களாக நிற்பவை சாந்து பூசப்பட்ட அடிமரங்கள். வரைபடம் பிரான்சின் ரென் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஆர்தர் ரெஞோவுடையது. அதை மரத்தில் நிறைவேற்றிய தலைமைத் தச்சர் லியோ மெலான்சோன் எழுதப் படிக்கத் தெரியாதவர்!

இவ்வளவு சிறிய ஊருக்கு ஏன் இவ்வளவு பெரிய ஆலயம்? இவர்கள் அகாடியர் என்னும் பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்கள். 1755 முதல் ஆங்கிலேய அரசு இவர்களை நிலத்தைவிட்டுப் பிடுங்கி, கப்பலேற்றிப் பல திசைகளுக்கும் நாடுகடத்தியது. குடும்பங்கள் சிதறின. பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோரில் சிலர் திரும்பி வந்தபோது பழைய நிலங்களில் வேற்றார் குடியேறியிருந்தார்கள். 1768-இல் இந்தப் பாறைக் கடற்கரையில் புதிதாகக் குடியேறத் தொடங்கினார்கள். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த மக்கள், ‘இனி எங்களை யாரும் அசைக்க முடியாது’ என்று கட்டிய ஆலயம் இது என்று நமக்குத் தோன்றியது.

நாம் போன மாலையில் கதவு பூட்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முன்னிரவுத் திருப்பலிதான் அங்கே நடந்த கடைசித் திருப்பலி. ஆலயத்தைச் சுற்றி நடந்தோம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் வரிசையாக இருந்தன. ஆனால் வெளியே நின்று பார்ப்பவருக்கு அவற்றில் வண்ணம் ஏது? கரிய கண்ணாடியும், அதனூடே ஓடும் ஈயக் கோடுகளுந்தான். உருகிய கண்ணாடியோடு கோபால்ட்டைச் சேர்த்தால் நீலம், தாமிரத்தைச் சேர்த்தால் பச்சை அல்லது சிவப்பு. ஆனால் வெயில் வெளியிலிருந்து பாய, ஆள் உள்ளே இருந்தால்தான் அந்த நிறம் எழும். அதைப் பார்ப்பதற்கென்றே கட்டப்பட்ட இடத்தில் இன்று பார்க்க ஆளில்லை.

மரக் கட்டடத்தில் இத்தகைய சாளரத்தைக் காப்பது எளிதன்று. ஈரத்தில் மரம் ஊதும், வறட்சியில் சுருங்கும். சட்டம் கோணினால் ஈயம் தளரும், கண்ணாடி விரியும். எனவே மர ஆலயத்தின் உயிர் கூரையில் இருக்கிறது. இங்கே அந்தக் கூரைதான் ஒழுகத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய மில்லியன் கணக்கில் டாலர் வேண்டும் என்றார்கள். ஊர்மக்கள் ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள். அரசும் உதவ முன்வந்தது. ஆனால் வேண்டிய தொகை சேரவில்லை. கடைசியில் கட்டடத்தை விலைக்கு விடும் நிலை வந்தது.

யாரைக் குறை சொல்வது? ஆயரின் இடத்தில் இருந்து பாருங்கள். சில நூறு பேருக்காக, பல பங்குகளின் பணத்தை ஒரே கூரையில் கொட்ட முடியுமா? திருச்சபைச் சட்டத்தின் 1222-ஆம் எண், வழிபாட்டுக்கு எவ்வகையிலும் பயன்படுத்த முடியாத, சீர்செய்யவும் இயலாத ஆலயத்தைத் தகாத பயன்பாட்டுக்குப் போகாதபடி பொதுப் பயனுக்கு விட ஆயருக்கு அதிகாரம் தருகிறது. 2018 நவம்பரில் இதே பொருள் குறித்து உரோமையில் கூடிய கருத்தரங்குக்குச் செய்தி அனுப்பிய திருத்தந்தை பிரான்சிஸ், ஆலயங்கள் தேவையற்றுப் போவதைப் பதற்றத்தோடு அல்ல, காலத்தின் அறிகுறியாக ஏற்றுச் சிந்திக்கக் கேட்டுக்கொண்டார். சரியான வழிகாட்டல்தான். ஆயினும் முன்னோர் தம் கையால் எழுப்பிய ஆலயத்தின் முன்னால் நிற்கும் ஒரு பாட்டிக்கு அதை எப்படி எடுத்துச் சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

அதே மாகாணத்தில் லூனன்பர்க் என்னும் துறைமுக ஊர் உண்டு. அங்கே ஆங்கிலிக்கன் சபையினரின் புனித யோவான் ஆலயம், அதுவும் மர ஆலயம், 2001 அக்டோபர் 31 இரவு தீக்கிரையானது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சும் எழாமல் இல்லை. ஆனால் அந்த மக்கள் மிஞ்சிய மரங்களைத் திரும்பப் பயன்படுத்தி, சாளரங்களுக்கு மீண்டும் வண்ணம் தந்து, பழைய வடிவிலேயே எழுப்பி, 2005-இல் உள்ளே போனார்கள். எரிந்த ஆலயம் மீண்டது. ஒழுகிய ஆலயம் மீளவில்லை. வசதியிலும் சூழ்நிலையிலும் வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. என்றாலும் தீ எரியும்போது ஊரே ஓடி வருகிறது. ஒழுகலுக்கு யாரும் ஓடி வருவதில்லை. இந்த மழைக்கு ஒரு வாளி வைப்போம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்று நாள் போகிறது.

அரசர்கள் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். கோவிலில் பழுது பார்க்கச் சொல்லி யோவாசு அரசர் பணத்தைக் குருக்களிடம் விட்டார். அவருடைய ஆட்சியின் 23-ஆம் ஆண்டு வந்தும் பழுது பார்க்கப்படவில்லை. பிறகுதான் மூடியில் துளையிட்ட பெட்டி ஒன்று பலிபீடத்தருகே வைக்கப்பட்டது. தச்சருக்கும் கொத்தருக்கும் கூலி போனது. குருக்களாகிய எங்களைப் பற்றி விவிலியம் எழுதிவைத்த அந்தக் கணக்கை, நாங்கள் மறையுரையில் தொடுவதே இல்லை.

திரும்பும் வழியில் நண்பர் கேட்டார்: “சாமி, உங்க கோயில் மாடியில கடைசியா எப்ப ஏறினீங்க?” நம்மிடம் பதில் இல்லை. திருவிழாக் கொடியேற்றத்துக்கும் புதிய வளைவுக்கும் வரி பிரித்த கணக்கு நினைவில் இருந்தது. மாடி நினைவில் இல்லை.

ஊர் வந்த மறுநாள் கோயில்பிள்ளையை அழைத்துக்கொண்டு ஏறினோம். மணிக்கூண்டுக்குக் கீழே, சுண்ணாம்புச் சுவரின் வெடிப்பில் ஓர் அரசங்கன்று நின்றிருந்தது. இலை நாலைந்துதான். கோயில்பிள்ளை அதைப் பிடித்து இழுத்தார். தண்டு முறிந்து கையோடு வந்தது. வேர் உள்ளேயே இருந்துவிட்டது.