மரக்காலின் அடியைக் காட்டு!

களத்து மேட்டில் நெல் அளக்கும்போது நம் விவசாயத் தொழிலாளி எதைப் பார்ப்பான்? மிராசுதாரின் காரியஸ்தன் வாயால் எண்ணுகிற எண்ணிக்கையை மட்டுமா? இல்லை. மரக்காலைப் பார்ப்பான். வாங்குவதற்கு ஒரு மரக்கால், கூலி கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த பண்ணைகளை அவன் பாட்டன் கண்டிருக்கிறான். முத்திரை மரக்காலில் அளக்கச் சொன்னதற்காக அடிபட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

இன்றைக்கு இன்னொரு மரக்காலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அது நோயை அளக்கும் மரக்கால். எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு நுரையீரல் கெட்டது, எதனால் கெட்டது என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் விஞ்ஞானத்துக்குக் கொள்ளைநோயியல் என்று பெயர். அந்தக் கணக்கை இப்போது கம்ப்யூட்டர் போடுகிறது. கம்ப்யூட்டருக்கு வழி சொல்லும் கட்டளைகளின் தொகுப்புதான் மென்பொருள். அந்தக் கட்டளைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றிருந்தால் அது கட்டற்ற மென்பொருள். திறந்த மூல மென்பொருள் என்றும் சொல்வார்கள். ஒரு கம்பெனி அதைப் பூட்டி வைத்துக்கொண்டு விடையை மட்டும் நம் முன் நீட்டினால், அது அடிப்பாகம் தெரியாத மரக்கால்.

"பஞ்சோடும் சேற்றோடும் மல்லுக்கட்டுகிறவனுக்கு இந்தக் கம்ப்யூட்டர் சங்கதி எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. எதற்கு என்று சொல்கிறோம், கேளுங்கள்.

திங்கட்கிழமை மூச்சுத் திணறல்

ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியும். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். இரண்டொரு நாளில் தணிந்துவிடும். வருஷங்கள் ஓடினால் தணியாது, நெஞ்சிலேயே தங்கிவிடும். பஞ்சுத் தூசியால் வரும் இந்த நோய்க்கு பிஸினோஸிஸ் என்று பெயர். நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. ஆனால் தொழிலாளி போய் நின்றால் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "பீடி குடிப்பாயா?" குடிப்பேன் என்றால் தீர்ந்தது விஷயம். முதலாளி தப்பித்தார்.

ஒரு தனி ஆளைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நூறு பேரைப் பார்த்தால் சொல்லலாம். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: கார்டிங்கில் 100 பேரில் 30 பேருக்குத் திங்கட்கிழமைத் திணறல் இருக்கிறது, தூசி எட்டாத பகுதியில் 100 பேரில் 5 பேருக்குத்தான் இருக்கிறது. ஆறு மடங்கு! இனி பீடி குடிப்பவர்களைத் தனியாகவும் குடிக்காதவர்களைத் தனியாகவும் பிரித்து மறுபடி கணக்கிட வேண்டும். இரண்டு பக்கத்திலும் அந்த ஆறு மடங்கு அசையாமல் நின்றால் பீடியின் மேல் போட்ட பழி கீழே விழுகிறது. இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க முடியுமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இதுதான் கொள்ளைநோயியல். இதில் மாயமில்லை, மந்திரமில்லை.

1950களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங் இப்படித்தான் தொழிலாளர்களை வரிசையாகக் கேட்டு, நோயின் முற்றலைப் படி பிரித்து எழுதினார். இப்படிச் சேர்ந்த கணக்குகளின் பலத்தில்தான் அமெரிக்காவில் 1978-ல் பஞ்சுத் தூசிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. ஆலை முதலாளிகள் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்கு ஓடினார்கள். செலவுக்கு ஏற்ற லாபம் உண்டா என்று நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடினார்கள்! தொழிலாளியின் நுரையீரலுக்கும் தராசு! 1981-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் அவர்கள் வாதத்தைத் தள்ளியது.

அந்த வழக்கில் பேசியது கணக்கு. நாளைக்கு நம் வழக்கிலும் கணக்குதான் பேச வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் கருவி முதலாளிகள் சங்கத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும், நம் சங்கத்துக்குக் கட்டுப்படியாகாது, உள்ளே என்ன நடக்கிறதென்று நீதிபதிக்கும் தெரியாது என்றால், நியாயம் எங்கே கிடைக்கும்?

பொதுச் சொத்தின் இரண்டு கதி

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு சர்க்கார் பல்கலைக்கழகம். அங்கே 1960களின் பிற்பகுதியில் விவசாய ஆராய்ச்சிக் கணக்குகளைப் போடுவதற்கென்று ஒரு மென்பொருள் உருவாயிற்று. பொதுப் பணம், பொதுக் கல்வி நிலையம், விவசாயியின் வயல் விளைச்சல் கணக்கு. அதன் பெயர் சாஸ். 1976-ல் அது தனிக் கம்பெனியாயிற்று. பிற்பாடு மருந்துக் கம்பெனிகளும் சுகாதார இலாகாக்களும் அதற்கு வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்டின. கட்டாவிட்டால் கருவி நின்றுபோகும். வயலில் விளைந்தது வாடகை வீடாயிற்று!

இன்னொரு பக்கம் பாருங்கள். நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகம். ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் புள்ளிவிவரக் கணக்குக்கென்று 'ஆர்' என்ற மொழியைச் செய்தார்கள். அவர்களும் கடை விரித்திருக்கலாம். 1995-ல் அதைக் க்னூ உரிமத்தின் கீழ் உலகத்துக்குக் கொடுத்தார்கள். அந்த உரிமத்தின் நிபந்தனை நம் ஆட்களுக்கு நன்றாகப் புரியும்: எடுத்துக்கொள், திருத்து, விற்கவும் செய், ஆனால் நீ வாங்கிய உரிமையை உன்னிடம் வாங்குகிறவனுக்கும் அப்படியே கொடு, வேலி போடாதே. புறம்போக்கை வளைத்துப் பட்டா வாங்க முடியாதபடி எழுதிய பத்திரம் அது. இன்று கொள்ளைநோய் ஆராய்ச்சிக்காரர்கள் உலகெங்கும் இந்த ஆர் மொழியில் எழுதுகிறார்கள். எழுதியதைப் பொதுவில் வைக்கிறார்கள்.

இதற்கும் முன்னால் 1985-ல், அமெரிக்க சர்க்காரின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் எபி இன்ஃபோ என்ற கருவியை வெளியிட்டது. கிராமத்தில் காலரா கிளம்பினால் டாக்டர் ஒரு சிறு கம்ப்யூட்டரில் கேள்வித்தாள் தயாரித்து, பதில்களை ஏற்றி, காரணத்தைத் தேடலாம். விலையில்லை, நகலெடுக்கத் தடையில்லை. வட்டுக்களில் நகலாகி ஏழை நாடுகளுக்கெல்லாம் போயிற்று. வாஷிங்டனை நாம் திட்டாத வாரம் இல்லை. ஆனாலும் அதன் இலாகா ஒன்று செய்த நல்ல காரியத்தை நல்ல காரியம் என்றே சொல்வோம்.

தென்னாப்பிரிக்காவின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. நிறவெறி ஆட்சி அந்நாட்டின் சுகாதாரத்தை இனத்துக்கொன்று, ஒதுக்குப் பிரதேசத்துக்கொன்று என்று துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தது. 1994-ல் அந்த ஆட்சி வீழ்ந்ததும், கறுப்பின மக்களின் குடியிருப்புகளில் யாருக்கு என்ன நோய் என்ற கணக்கை ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது. கேப் டவுனில் இருந்த போராட்டக்காரர்களும் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து அதற்கொரு மென்பொருள் செய்தார்கள். அந்தக் கருவி திறந்ததுதான். ஆனால் அது ஓடுவதற்கு மைக்ரோசாஃப்டின் சரக்கு வேண்டியிருந்தது. சொந்த வீடு, வாசல்படி மட்டும் பக்கத்து வீட்டுக்காரனுடையது! அந்தத் தளையை அறுத்து மறுபடி கட்டியதுதான் டி.எச்.ஐ.எஸ். 2. அது முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இடம் எது தெரியுமா? நம் பக்கத்துக் கேரளம், 2006 ஜனவரியில். (அப்போது அங்கே இருந்தது இடதுசாரி சர்க்கார் அல்ல. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும்.) பிறகு அது 70-க்கு மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 2020 ஜனவரியில் கொரோனா வாசலுக்கு வந்தபோது, விமானத்தில் வந்திறங்குகிறவர்களைக் கண்காணிக்க இலங்கைக்காரர்கள் இதே கருவியில் புதிய பகுதி ஒன்றை எழுதினார்கள். அதை மற்ற நாடுகள் காசில்லாமல் எடுத்துக்கொண்டன. டெண்டர் இல்லை, தரகு இல்லை.

பூட்டிய பெட்டியின் பித்தலாட்டம்

அதே வருஷம் பூட்டிய பெட்டி செய்த வேலையைப் பாருங்கள். 2020 மே 22-ல் லண்டனின் புகழ்பெற்ற மருத்துவப் பத்திரிகையான லான்செட் ஒரு கட்டுரையைப் பிரசுரித்தது. ஆறு கண்டங்களில் 671 ஆஸ்பத்திரிகளில் 96,032 நோயாளிகளின் கணக்கைப் பார்த்ததாகவும், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டவர்களிடையே சாவு அதிகம் என்றும் அது சொன்னது. கணக்கு யாருடையது? அமெரிக்காவின் சிகாகோ பக்கத்தில் இருந்த சர்ஜிஸ்ஃபியர் என்ற சின்னஞ்சிறு தனியார் கம்பெனியுடையது. மூன்றே நாளில் உலக சுகாதார ஸ்தாபனம் தன் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

யாரோ ஒருவர் ஆஸ்திரேலியக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஏப்ரல் 21 வரை அந்நாட்டில் 73 சாவு என்றது கட்டுரை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அன்றைக்கு அந்நாட்டில் மொத்தமே 67! செத்தவர்களைவிட அதிகம் பேர் செத்திருந்தார்கள்! மூலக் கணக்கைக் காட்டு என்றார்கள். ரகசிய ஒப்பந்தம் என்றது கம்பெனி. சுயேச்சையான தணிக்கையாளர்களுக்கும் காட்டவில்லை. ஜூன் 4-ல் கட்டுரை வாபஸ். அதே கம்பெனியின் கணக்கை நம்பி அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பத்திரிகை போட்ட இன்னொரு கட்டுரையும் அதே நாளில் வாபஸ். அந்த மருந்து கொரோனாவுக்குப் பலனளிக்காது என்பது பிற்பாடு ஒழுங்கான பரிசோதனைகளில் தெரிந்தது. அது வேறு விஷயம். அளந்ததாகச் சொன்னவன் அளந்த மரக்காலும் காட்டவில்லை, நெல்லும் காட்டவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

எதிர் உதாரணமும் அதே வருஷத்திலேயே இருக்கிறது. ஒன்றும் செய்யாவிட்டால் பிரிட்டனில் 5,10,000 பேர் வரை சாகலாம் என்று லண்டன் இம்பீரியல் காலேஜ் 2020 மார்ச் 16-ல் கணக்குச் சொன்னது. அதைப் போட்ட மென்பொருள் வருஷக்கணக்கில் பழையது, விளக்கக் குறிப்பில்லாதது, அப்போது வெளியே காட்டப்படாதது. "மட்டமான கணக்கு, ஊரடங்கே தேவையில்லை" என்று வலதுசாரிப் பத்திரிகைகள் கூச்சலிட்டன. ஏப்ரல் கடைசியில், செப்பனிட்ட நிரலைப் பொதுவில் வைத்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறொரு ஆராய்ச்சியாளர் அதைத் தானே ஓட்டிப் பார்த்து, அறிக்கையின் முக்கியமான முடிவுகள் திரும்ப வருகின்றன என்று சான்று சொன்னார். குறைகளும் வெளியே வந்தன, திருத்தமும் நடந்தது. திறந்து வைத்தால் பொய்யன் மாட்டிக்கொள்கிறான். யோக்கியன் மேல் போட்ட பழியும் நிற்பதில்லை. முன்பே திறந்து வைத்திருந்தால் அந்த ஆறு வாரக் கூச்சலுக்கே இடமிருந்திருக்காது.

இரண்டு ஆட்சேபணைகள்

"நிரலைத் திறந்தால் நோயாளியின் ரகசியம் வெளியே போய்விடுமே!" என்று சில அதிகாரிகள் கண்ணீர் விடுகிறார்கள். மரக்காலைத் திருப்பிக் காட்டச் சொன்னோமே தவிர, யார் வீட்டுக் குதிரில் எத்தனை கலம் என்று சுவரில் எழுதச் சொல்லவில்லை. கணக்குப் போடும் முறை ஊருக்குப் பொது. நோயாளியின் பெயர் அவனுக்குச் சொந்தம். இவர்கள் செய்தது நேர்மாறு. ஆரோக்ய சேது என்ற செல்போன் கருவியை 2020 ஏப்ரலில் கொண்டுவந்து, மே 1 உத்தரவில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டாயம் என்றார்கள். மே தினப் பரிசு! தொழிலாளி எங்கே போகிறான், யாரோடு நிற்கிறான் என்பது அதில் பதிவாகும். ஆனால் அதன் நிரல் மட்டும் ரகசியம். கண்டனம் எழுந்த பிறகு மே 26-ல் செல்போனில் ஓடும் பகுதியைத் திறந்தார்கள். தகவல் போய்ச் சேரும் இடத்தில் ஓடிய பகுதியை அன்று திறக்கவில்லை.

"சும்மா கிடைப்பது தரமாக இருக்குமா?" என்பது இரண்டாவது ஆட்சேபணை. காசு கொடுத்து வாங்கியது கைவிட்ட கதை பிரிட்டனில் நடந்தது. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கில் விடுபட்டார்கள். எக்செல் கோப்பின் பழைய வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியது விழுந்துவிட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டிய நாட்கள் வீணாயின. திறந்த மென்பொருளில் தவறே வராது என்று நாம் சத்தியம் செய்யவில்லை. கைப்பிழை எங்கும் உண்டு. ஆனால் விலைச்சீட்டு தரத்துக்குச் சாட்சி அல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கருவி எவ்வளவு திறந்திருந்தாலும் எண்ணவே மறுக்கிறவனிடம் அது செல்லாது. ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்லிமெண்டில் கேட்டபோது, 2020 செப்டம்பர் 14-ல் மத்திய தொழிலாளர் இலாகா தந்த பதில், அப்படிப்பட்ட விவரம் வைத்திருக்கவில்லை என்பதே. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் ஊர் திரும்பினார்கள் என்று எண்ணத் தெரிந்தது. செத்தவனை எண்ண மட்டும் தெரியவில்லை!

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது இது. பொதுப் பணத்தில் வாங்கும், எழுதும் எந்த நோய்க் கணக்கு மென்பொருளும் திறந்ததாக இருக்க வேண்டும். தொழில்நோய்பற்றி எந்த இலாகா எந்த முடிவு சொன்னாலும், பெயர்களை நீக்கிய கணக்கையும் கணக்குப் போட்ட நிரலையும் தொழிற்சங்கத்தின் கையில் கொடுக்க வேண்டும்.

அதுவரை நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆலையின் சங்க ஆபீசிலும் ஒரு நோட்டு போடுவோம். எந்தப் பகுதியில் வேலை, எத்தனை வருஷம், பீடி உண்டா இல்லையா, விடுமுறை முடிந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா, மற்ற நாட்களில் எப்படி? இந்த ஐந்து கேள்விதான். நோயில்லாதவனையும் எழுத வேண்டும். இருமுகிறவனை மட்டும் எழுதினால் ஒப்பிட ஆளில்லாமல் கணக்கு கெட்டுவிடும். பெயருக்குப் பதில் ஒரு நம்பர் போடுவோம். பெயர்ப்பட்டியல் சங்கச் செயலாளரின் பூட்டில் இருக்கட்டும். வயலில் பூச்சிமருந்து அடிக்கும் தோழர்களும் தலைச்சுற்றல், வாந்தி, அடித்த மருந்தின் பெயர், தேதி என்று இதே மாதிரி எழுதலாம். சுகாதார இலாகா கணக்குப் போட மறுத்தால், மருத்துவக் கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் போடட்டும். கருவிக்குக் காசு கேட்பார் யாருமில்லை.