நிரம்பிய பெட்டியும் சேராத செய்தியும்

பணம் எடுத்தால் வரும் குறுஞ்செய்தி சில நாள்களாக வரவில்லை என்று ஓய்வூதியர் ஒருவர் அண்மையில் எங்கள் கிளையில் முறையிட்டார். கணினியில் பார்த்தோம், அனைத்தும் அனுப்பப்பட்டிருந்தன. அவருடைய பொத்தான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது. செய்திப் பெட்டி நிரம்பிக் கிடந்தது. பெரும்பகுதி விளம்பரங்களே!

பழைய கைப்பேசிகளிலும் சிம் அட்டையிலும் செய்திகளுக்குரிய இடம் மிகக் குறைவு. அது நிறைந்துவிட்டால் புதிய செய்தி உள்ளே நுழையாது. தொலைபேசி நிறுவனம் சிறிது காலம் வைத்திருந்து அழித்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழிலோ 70 மட்டுமே. ஆகவே தாய்மொழியில் தகவல் கேட்டவரின் பெட்டி இன்னும் விரைவில் நிரம்புகிறது.

இது சிறு தொல்லையன்று. வங்கியும் வாடிக்கையாளரும் தவறிழைக்காத மின்னணு மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை நெறி வகுத்தது. 7 வேலை நாள்களைக் கடந்தால் அந்தந்த வங்கியின் கொள்கையே முடிவு செய்யும் என்றும் அது கூறியது. தகவலே சேராதவர் நாள்களை எங்ஙனம் எண்ணுவார்?

‘அனுப்பிவிட்டோம்’ என்று வங்கியர் கைகழுவுவது முறையன்று என்பதே எங்கள் கருத்து. செய்தி தொடர்ந்து சேராத எண்ணைக் கண்டறிந்து, கிளையிலிருந்து அழைத்துச் சொல்லல் வேண்டும். வாடிக்கையாளர்களும் வாரம் ஒருமுறை வேண்டாதவற்றை அழித்துவிடலாம். பொத்தான் கைப்பேசியில் அது எளிதன்று என்பதை அறிவோம், கிளையில் கேட்டால் செய்து தருவோம்.

அந்த ஓய்வூதியரின் பெட்டியைக் காலி செய்ததும் இரண்டு செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. முந்தையவை வரவேயில்லை.