கடற்கரைக்கு மலைக்கதை எதற்கு?

தோட்ட அடிமை வரலாறு பற்றி உடப்பில் ஒரு பொதுச் சொற்பொழிவு நிகழவேண்டும் என்கிறோம். "வலை இழுக்கும் ஊருக்கு மலைநாட்டுக் கதை எதற்கு?" என்று கேட்போர் இருப்பார்கள். உடப்பு மக்களின் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தோர் என்பது ஊர் மரபு. பிற்காலத்தில் அதே சீமையிலிருந்தும், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் பஞ்சம் துரத்திய மக்கள், இதே மேற்குக் கரையின் வடபால், மன்னாரில் இறங்கினார்கள். காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியெங்கும் மாண்டார்கள்.

இத்தகைய மேடைகளில் வழக்கமாகப் பேசப்படுவது என்ன? ஆப்பிரிக்கரைக் கப்பலில் அடைத்த கொடுமை; 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் பிரித்தானிய அரசு இரண்டு கோடி பவுண் நட்டஈட்டை அடிமைகளுக்கன்றி எசமானருக்கே அளித்த அநீதி. சபை கைதட்டும். குற்றவாளி வெள்ளைக்காரன்; நம் கைகளோ தூயவை!

இந்தச் சுகமான வரலாற்றை நாம் ஏற்பதற்கில்லை. அச்சட்டம் இலங்கையை விலக்கியே வைத்தது. இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1844இல். யாழ்ப்பாணத்து அடிமைகளை உடைமையாய் வைத்திருந்தவர் யார்? தமிழரே. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு.

அந்தக் காலத்திலேதான் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கூலி சந்தையில் விற்கப்படவில்லை. அவன் பிள்ளை எசமானின் உடைமையாகப் பிறக்கவுமில்லை. அந்த வேறுபாட்டை மறைப்பது வரலாறாகாது. ஆனால் 'துண்டு' என்ற காகிதம் செய்ததென்ன? கடனைக் கட்டினால்தான் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போகலாம். புதிய தோட்டம் அதைக் கட்டும்; கடன் மறுபடியும் அவன் தலையிலேயே ஏறும். ஆள் விலைபோகவில்லையாம், கடன்தான் கைமாறியதாம்! முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் காத்திருந்தது. துண்டுமுறை ஒழிந்தது 1921இல்தான்.

அந்தக் கடனுக்குக் கணக்கு வைத்தவன் துரையல்லன், கங்காணி. முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து அழைத்து வந்தவனும், வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு பெற்றவனும் அவனே. நம் மொழி பேசியவன். பலவேளை தொழிலாளிக்கு உறவினன். 1948இல் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டத்தைக் கண்டிக்கும் நாம், இவனைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

உடப்பில் இதைப் பேசட்டும். லயத்தில் பிறந்த ஓர் ஆசிரியரே மேடையேறிக் கங்காணியின் கணக்கேட்டை விரிக்கட்டும். சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கிக் கடன் தீராமல் கரைவலை இழுப்பவன் சபையில் இருந்தால், அவன் எழுந்து தன் கணக்கையும் கேட்கட்டும்.