மயானக் காண்டத்தில் யாருக்காக அழுகிறோம்?

இசை நாடகம் என்றதும் நியூயார்க்கின் பிராட்வேயும் லண்டனின் வெஸ்ட் எண்டும்தான் இன்று படித்தவர்களுக்கு நினைவுக்கு வருகின்றன. 2023இல் மும்பையில் அம்பானி குடும்பத்தின் அரங்குக்கு ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ வந்தபோது, ஒரு டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பார்க்கப் போனவர்கள் உண்டு. போகட்டும். ஆனால் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த யாருக்கும் மேடையில் பாடி நடிக்கும் நாடகம் புதிய சரக்கு அல்ல. பங்குனி பிறந்தால் ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் முனகத் தொடங்கிவிடும். விடிந்த பிறகுதான் ஓயும். டிக்கெட் கிடையாது. ஒரு பாயும் போர்வையும் போதும்.

அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இன்றும் தேடிப்போய்ப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்தவை மூன்று: அரிச்சந்திரா, வள்ளி திருமணம், நந்தனார். இவற்றை ஏன் விரும்புகிறேன், எங்கே முரண்படுகிறேன், இவற்றை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேசுவதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பார்க்காதவர்களுக்காகச் சில செய்திகள். இதை ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாட்டும் வசனமும்தான் இதன் முதுகெலும்பு. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் ஒரு ராத்திரிக்கென்று தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஒத்திகை என்பதே இல்லை. மேடையில்தான் அன்றைக்குச் சந்தித்துக்கொள்வார்கள். பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தர்க்கமும் பபூன் பேச்சும் அந்த இடத்திலேயே பிறப்பவை. நாரதரும் வள்ளியும் மணிக்கணக்காக வாதாடும்போது அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. எதிராளி கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் ஒருவர் திணறினால் கூட்டம் விசிலடிக்கும். சட்டென்று ஒரு விருத்தத்தை எடுத்துத் தப்பித்தால் அதற்கும் விசிலடிக்கும். இந்த அனுபவத்தை எந்த வீடியோவும் தராது. நான்கு மணிக்குப் பனி இறங்கும் நேரத்தில், பாதிக் கூட்டம் தூங்கிக் கிடக்க, சந்திரமதி வேடக்காரர் உச்ச ஸ்தாயியில் எடுக்கும் ஒரு புலம்பலில் குழந்தை முதல் கிழவி வரை எழுந்து உட்காருவதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் புலம்பல் வரும் இடம்தான் மயானக் காண்டம். கதை எல்லோருக்கும் தெரிந்தது. பொய் சொல்லாத மன்னன் அரிச்சந்திரன் நாட்டை இழக்கிறான். காசியில் மனைவியையும் மகனையும் விற்கிறான். கடைசியில் சுடுகாட்டுக் காவலன் வீரபாகுவுக்குத் தன்னையே விற்று அடிமையாகிறான். பாம்பு கடித்து இறந்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி சுடுகாட்டுக்கு வருகிறாள். கால்பணமும் முழத்துண்டும் இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்று, யாரென்று தெரியாமலேயே அவளைத் தடுக்கிறான் அரிச்சந்திரன். இந்த இடத்தில் அழாதவர்களை நான் பார்த்ததில்லை. என் அம்மா அழுவார். நானும் அழுதிருக்கிறேன்.

யாருக்காக அழுகிறோம்? ஒரு மன்னன் பிணம் சுட வந்துவிட்டானே என்று அழுகிறோம். பிணம் சுடுவதையே பிறப்பால் விதிக்கப்பட்ட வீரபாகுவுக்காக அந்தக் கூட்டத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழுவதில்லை. அவன் மேடைக்கு வருவதே சிரிப்பு மூட்டத்தான்: கையில் தடி, குடிகாரத் தள்ளாட்டம், கொச்சைப் பேச்சு. ராஜா அந்த வேலையைச் செய்தால் சோகம். வீரபாகு செய்தால் நகைச்சுவை. நம் ஊர்ச் சுடுகாடுகளில் அரிச்சந்திரன் பெயரில் ஒரு கல் இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்து, அரிச்சந்திரனிடம் அனுமதி கேட்டுப் பாடிய பிறகுதான் பிணம் உள்ளே போகும். பாடுபவர் யார்? தலைமுறை தலைமுறையாக அந்த வேலை கட்டாயமாக்கப்பட்ட நம் ஆள். சில காலம் வேலை பார்த்த மன்னனுக்குக் கல் நட்டுக் கும்பிடுகிறது ஊர். காலம் முழுக்க வேலை பார்ப்பவருக்குக் கிடைப்பது ‘வெட்டியான்’ என்ற ஏவல்பெயர்.

இதைவிடக் கொடுமையானது கதையின் முடிவு. மார்க்கண்டேய புராணத்தில் கடைசியில் தருமதேவன் வெளிப்பட்டு, சண்டாளனாக வந்தது நான்தான் என்கிறான். அதாவது, அரிச்சந்திரன் ஒருபோதும் சண்டாளனுக்கு அடிமையாக இருக்கவே இல்லை. தேவனுக்குத்தான் அடிமையாக இருந்தான். தீட்டு கழிந்தது. கதை சுத்தமாகிவிட்டது. வீரபாகு என்று ஒரு மனிதன் இருந்ததற்கான தடயமே இல்லாமல் போகிறது.

இந்தத் தந்திரம் ஒரு நாடகத்தோடு நிற்பதில்லை. மதுரைவீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கிலியர் தம்பதி வளர்த்த பிள்ளை அவன். ஆனால் பிறந்தது காசி ராஜாவுக்கு என்று சொல்லிவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்கிறார்கள். காத்தவராயன் கதையிலும் அப்படித்தான். சேரியில் வளர்ந்தவனை தெய்வப் பிள்ளையாக்கி விடுகிறார்கள். நம் தெருவில் ஒரு வீரன் பிறந்திருக்க முடியாது, வேண்டுமானால் வளர்ந்திருக்கலாம். மேடையில் நம்மவன் தலைநிமிர்ந்தால் அவன் நம்மவன் அல்ல, வேடம் கலையாத ராஜா என்று அர்த்தம்.

வள்ளி திருமணத்தையும் காத்தவராயனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினைப்புனம் காக்கும் குறவர் பெண்ணை முருகன் தேடி வருகிறான். வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து கெஞ்சுகிறான். ஊரே கைதட்டிச் சிரிக்கிறது. கடைசியில் மாலை மாற்றும்போது பெண்கள் குலவையிடுகிறார்கள். அதுவே பார்ப்பனப் பெண் ஆரியமாலையைச் சேரியில் வளர்ந்த காத்தவராயன் விரும்பினால் என்ன முடிவு? கழுமரம். ஆண் மேலே, பெண் கீழே என்றால் ‘திருமணம்’. திருப்பிப் போட்டால் ‘கழுவேற்றம்’. இந்தச் சட்டத்தை மனுவில் படிக்காதவர்களும் நாடக மேடையில் கற்றுக்கொண்டார்கள். 2015இல் கோகுல்ராஜும் 2016இல் உடுமலை சங்கரும் கொல்லப்பட்டதற்கும் இதே கணக்குதான் காரணம். வள்ளிக்குக் குலவையிட்ட ஊரில் இதைப் பேசாமல் எப்படிக் கடந்து போவது?

மூன்றாவது நந்தனார். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் திருநாளைப்போவார், ஆதனூரில் கோயில்களுக்குத் தோலும் நரம்பும் கொடுத்து வந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதை இசை நாடகக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தைச் சேர்த்தார். பண்ணையார் வேதியர்தான் அந்தப் பாத்திரம். சிதம்பரம் போக வேண்டுமா, நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுப் போ என்கிறார் அவர். பக்திக் கதைக்குள் பண்ணையடிமை வாழ்க்கையைக் கொண்டு வந்த இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு நந்தனார் நாடகம் பிடிக்கும். விடுப்புக் கேட்டு நந்தன் கைகட்டிப் பாடும்போது எங்கள் தெருப் பெரியவர்கள் அதைச் சாமி பாட்டாகக் கேட்பதில்லை. கூலி கேட்டு நின்ற தங்கள் கதையாகத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் முடிவு? நந்தன் தீக்குளிக்கிறார். பூணூலோடு முனிவராக எழுகிறார். பிறகுதான் கோயில் கதவு திறக்கிறது. பறையராக உள்ளே போக முடியாது, எரிந்தால் போகலாம். அம்பேத்கர் 1948இல் ‘தீண்டப்படாதார் யார்?’ நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். பூணூல் போட்ட முனிவருக்கு அல்ல, தீண்டப்படாதவராகப் பிறந்த நந்தனுக்கு. நாம் எந்த நந்தனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த ஒரு பக்கமே சொல்லிவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஏன் இந்த நாடகங்களைப் பார்க்க வேண்டும், தூக்கி எறிய வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்பார்கள். புராண நாடகங்களைச் சுயமரியாதை இயக்கம் கடுமையாக எதிர்த்ததில் நியாயம் உண்டு. என் பதில் இதுதான்: கதை புராணிகருடையது, ஆனால் குரல், தாளம், உழைப்பு மூன்றும் நம் மக்களுடையவை. விடிய விடியத் தொண்டை கிழியப் பாடிவிட்டு, அரிதாரம் கலைத்து, பெட்டியோடு முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் அந்தக் கலைஞர்களை இந்தச் சமூகம் ‘கூத்தாடி’ என்றுதான் இழிவாகச் சொல்கிறது. அவர்களை விட்டுவிட்டு நாம் எந்தப் பண்பாட்டுப் புரட்சியைச் செய்யப் போகிறோம்? அதோடு, வசனம் கல்லில் பொறித்ததல்ல. தர்க்கம் அந்த ராத்திரியில் பிறப்பது. கேள்வியை மாற்றினால் பதில் மாறும். ஒரு முறை வள்ளி வேடமிட்ட ஓர் அம்மா, உன் சாதியில் பெண்ணே இல்லையா, எங்கள் காட்டுக்கு ஏன் வந்தாய், எங்கள் பையன் உன் தங்கையைக் கேட்டால் கொடுப்பாயா என்று முருகனை மடக்கினார். கூட்டம் ஒரு நொடி உறைந்தது. பிறகு ஓரத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. அந்த ஓரத்தில் இருந்தவர்கள் நாங்கள்.

ஓரம் என்று சொன்னேன் அல்லவா, உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் இல்லாத நாடகத்தில் எல்லோரும் எங்கும் உட்காரலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. நான் சிறுவயதில் பார்த்த ஊர்த்திருவிழா நாடகங்களில் பந்தலுக்கு நேர் எதிரே ஊர்த்தெருக்காரர்களின் பாய்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நாங்கள். கயிறும் இல்லை, பலகையும் இல்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். பல ஊர்களில் திருவிழாவுக்குச் சேரியிடம் வரியே வாங்குவதில்லை. இரக்கத்தினால் அல்ல. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், முன்னால் உட்கார இடம் கொடுக்க வேண்டும். மேளம் அடிக்க மட்டும் கூப்பிடுவார்கள். நாடகத்துக்கு நடுவே அன்பளிப்பு கொடுத்தவர்களின் பெயரை, சாதிப் பட்டத்தோடு சேர்த்து, ராஜபார்ட்டே ஒலிபெருக்கியில் வாசிப்பார். பொய் பேசாத அரிச்சந்திரன் வேடத்தில் நின்றுகொண்டு வாசிப்பார்!

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கெர்ஷ்வினின் ‘போர்கி அண்ட் பெஸ்’ 1935இல் நியூயார்க்கில் அரங்கேறிய இசை நாடகம். கறுப்பின மக்களின் வாழ்க்கையை வெள்ளையர்கள் எழுதியது. நந்தனாரைப் போலவே அதன் மீதும் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. 1936இல் அது வாஷிங்டன் நேஷனல் தியேட்டருக்கு வந்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர் இருக்கை வெள்ளையருக்கு. போர்கியாக நடித்த டாட் டங்கனும் பெஸ்ஸாக நடித்த ஆன் பிரவுனும், எங்கள் மக்கள் உட்கார முடியாத அரங்கில் பாடமாட்டோம் என்று மறுத்தார்கள். நிர்வாகம் பணிந்தது. அந்த நாடகம் நடந்த நாட்களில் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். நாடகம் போனதும் பழைய விதி திரும்பியது. பிறகு நடிகர்களின் தொழிற்சங்கமே, நிறப்பாகுபாடு உள்ள அந்த அரங்கில் எங்கள் உறுப்பினர்கள் நடிக்கமாட்டார்கள் என்று அறிவித்தது. பாகுபாட்டைக் கைவிட மனமில்லாத நிர்வாகம் 1948இல் அரங்கைச் சினிமாக் கொட்டகையாக்கியது. 1952இல் எல்லோருக்கும் திறந்த அரங்காகத்தான் மீண்டும் நாடகத்துக்குத் திரும்ப முடிந்தது.

கதையை மாற்றும் உரிமை அவர்களிடம் இல்லை. ஆனால் யார் முன்னால் பாடுவது என்பதை முடிவு செய்யும் வலிமை அவர்களிடம் இருந்தது. நம் கலைஞர்களுக்கும் மதுரையிலும் புதுக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. தேதி கொடுப்பது, சம்பளம் பேசுவது எல்லாம் நடக்கின்றன. அந்தப் பேச்சில் இன்னும் இரண்டு வரிகள் சேரட்டும். ஒன்று, சேரி மக்களை ஒதுக்கி உட்கார வைக்கும் ஊரில் நாடகம் இல்லை. இரண்டு, மேடையில் சாதிப் பட்டம் சொல்லி அன்பளிப்பு வாசிப்பது இல்லை. ஒரு கலைஞர் தனியாகச் சொன்னால் பிழைப்பு போகும். சங்கமாகச் சொன்னால் ஊர் யோசிக்கும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கே.ஏ.குணசேகரன் ‘பலியாடுகள்’ எழுதினார், தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். அவருக்குப் பிறகு பறையிசையை நகர மேடைகளுக்குக் கொண்டு போயிருக்கிறோம். சரிதான். ஆனால் விடிய விடிய நடக்கும் அந்தக் கிராமத்து மேடையை ஊர்க் கமிட்டிக்கே விட்டுவிட்டோம். நம் தெருத் திருவிழாக்களில், அம்பேத்கர் பிறந்தநாளில், இதே கலைஞர்களை முழுச் சம்பளம் கொடுத்து அழைப்போம். சித்திரை மாதம் அவர்களுக்கும் சீசன்தான். அரிச்சந்திராவையே போடச் சொல்வோம். ஒரே ஒரு நிபந்தனை: வீரபாகு வேடத்தைப் பபூனுக்குக் கொடுக்காமல் நல்ல பாட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டும். கடைசிக் காட்சியில் அவன் தேவனாக மாறக் கூடாது. சுடுகாட்டுக் காவலனாகவே நின்று, நீ சில நாள் செய்த வேலைக்கு ஊரே அழுகிறதே, நான் காலமெல்லாம் செய்கிறேனே என்று அரிச்சந்திரனிடம் ஒரு விருத்தம் பாடட்டும். பொய் சொல்லாத மன்னன் அதற்கு என்ன பதில் சொல்கிறான் என்று கேட்க, பாயைச் சுருட்டிக்கொண்டு முதல் ஆளாக நான் வந்து உட்காருவேன்.