கையெழுத்துப் போட்டவள் எங்கே?

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் ஒரு பெரிய கட்டடம். அதற்கு அடியில் ஐந்து நட்சத்திர ஓட்டல் மாதிரி ஓர் இடம். நீச்சல் குளம், மசாஜ், யோகா, வேளாவேளைக்குச் சத்தான சாப்பாடு. அங்கே இருக்கும் இளம் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தங்கள் சொந்தப் பெயர் தெரியாது. பெற்றவர்கள் யார் என்று தெரியாது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, மூளையைச் சிலேட்டு மாதிரி துடைத்துவிட்டார்கள். பணக்கார வாடிக்கையாளர் எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்கிறாரோ, அப்படிப்பட்ட ஆளை அந்தச் சிலேட்டில் எழுதி அனுப்புவார்கள். இன்றைக்குக் காதலி, நாளைக்குத் திருடி, அடுத்த நாள் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி. வேலை முடிந்தால் மறுபடி நாற்காலி, மறுபடி துடைப்பு. ஐந்து வருஷம் இப்படி. கடைசியில் பழைய நினைவையும், கை நிறையப் பணத்தையும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் நடந்த எதுவும் ஞாபகம் இருக்காது.

2009 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலில் ஆரம்பித்த 'டால்ஹவுஸ்' தொடரின் கதை இது. எடுத்தவர் ஜாஸ் வீடன். 'பஃபி' என்ற தொடரில் பேய் ஓட்டும் பெண்ணைக் கதாநாயகியாக்கி, பெண்கள் பக்கம் நிற்பவர் என்று பேர் வாங்கியவர். அவரே இப்படி ஒரு கதையோடு வந்ததும் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். 'இது ஆள் கடத்தல், பலாத்காரம். இதற்கு விஞ்ஞானப் புனைகதை என்று முலாம் பூசுகிறீர்களா?' என்றது ஒரு கட்சி. 'அட, அவங்கதான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்களே, அப்புறம் என்ன?' என்றது இன்னொன்று.

அந்தப் பழைய சண்டையை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். 2022ல் 'செவரன்ஸ்' வந்ததே, அதுதான் காரணம். ஆபீஸ் லிஃப்டில் கீழே இறங்கினால் வெளி வாழ்க்கை மறந்துபோகும், மேலே வந்தால் ஆபீஸ் மறந்துபோகும் என்று மூளையில் சில்லு வைத்துக்கொள்கிறவர்களின் கதை. 2025ல் இரண்டாவது சீசனும் வந்துவிட்டது. பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களிடம் காது கொடுத்தால் அதே பழைய பல்லவி. 'ஆனா ஒண்ணு சார், சம்மதிச்சுத்தானே வெச்சுக்கிட்டாங்க?'

இந்தச் 'சம்மதிச்சுத்தானே' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

முதலில், யார் யார் சம்மதித்தார்கள் என்று பாருங்கள். எக்கோ என்ற பொம்மையின் நிஜப்பெயர் கரோலின். கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் புகுந்து மாட்டிக்கொண்ட கல்லூரிப் பெண். கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேடலின், குழந்தையைப் பறிகொடுத்தவள். அந்தத் துக்கத்தை மறக்க எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிற நிலைமை. விக்டராக இருப்பவன், போருக்குப் போய் மனசு உடைந்து திரும்பிய சிப்பாய். பிரியா என்ற ஓவியப் பெண்ணின் கதை இன்னும் கொடூரம். தனக்கு இணங்காத அவளை, ஒரு பணக்காரன் மருந்து கொடுத்துப் பைத்தியமாக்கி, கம்பெனியிடம் சேர்ப்பித்து, பிறகு அவனே காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கிறான். நிம்மதியாக, வயிறு நிறைந்து, யோசித்துப் பார்த்து வந்து சேர்ந்த ஒருத்தரையாவது இதில் காட்டுங்கள் பார்ப்போம்.

இந்தத் தொடரின் ஆறாவது எபிசோடில், தெருவில் போகிறவர்களை நிறுத்தி மைக் நீட்டி, இப்படி ஓர் இடம் இருக்கிறதாமே என்று கேட்பதுபோல் காட்சிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண், வாடகை வேண்டாம், படிப்பு வேண்டாம், பணக்காரர்களோடு விருந்து, எதுவும் ஞாபகமும் இருக்காது, எங்கே கையெழுத்துப் போடணும் என்று சிரிக்கிறாள். இன்னொரு பெண் முகம் சிவக்கிறாள். அடிமையாக ஒருத்தி தானாக முன்வருகிறாள் என்றால் அவள் ஏற்கெனவே அடிமை என்றுதான் அர்த்தம் என்கிறாள். தொடர் முழுக்க இதைவிடக் கூர்மையாக யாரும் பேசவில்லை. ஹீரோயினும் உட்பட.

சரி, வாதத்துக்காக வைத்துக்கொள்வோம். ஒருத்தி முழு மனதோடுதான் கையெழுத்துப் போடுகிறாள். அப்போது?

அப்போதும் செல்லாது. தனிமனித சுதந்திரத்துக்காகக் கடைசிவரை வாதாடிய ஜான் ஸ்டூவர்ட் மில், 1859ல் எழுதிய 'ஆன் லிபர்ட்டி'யில் இந்த ஓர் இடத்தில் மட்டும் கோடு கிழித்தார். தன்னையே அடிமையாக விற்கிற ஒப்பந்தம் செல்லாது, ஏனென்றால் அது சுதந்திரத்தை வைத்தே சுதந்திரத்தை அழிப்பது என்றார். ராபர்ட் நாஜிக் மாதிரி ஆட்கள் 1974ல் வந்து, சுதந்திரமான சமூகம் அதையும் அனுமதிக்கும் என்று எழுதினார்கள். எழுதட்டும். நாஜிக்கின் அடிமைக்குக்கூடத் தான் அடிமை என்று தெரியும். ராத்திரி சுவர் ஏறிக் குதிக்கலாமா என்று யோசிக்கவாவது செய்வான். டால்ஹவுஸ் பொம்மைக்கு அந்த யோசனையே வராது.

நீங்கள் ஒரு கம்பெனியில் மூன்று வருஷத்துக்கு பாண்ட் எழுதிக் கொடுத்துச் சேர்கிறீர்கள். ஆறாவது மாதமே வெறுத்துப்போகிறது. மேஜையில் ராஜினாமாவை வைத்துவிட்டு நடக்கிறீர்கள். பணம் கட்டு என்று கேஸ் போடுவார்கள். போலீஸை விட்டுப் பிடித்துவந்து நாற்காலியில் கட்டிப்போட முடியாது. எந்த வேலை ஒப்பந்தத்திலும், எழுதாமலே இருக்கும் ஷரத்து இது. 'போதும், நான் போறேன்' என்று நடுவில் சொல்கிற வாய். அந்த வாயைத்தான் நாற்காலியில் உட்காரவைத்து முதல் நாளே துடைத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டவள் அந்த நிமிஷமே காணாமல் போகிறாள். ஐந்து வருஷம் வேலை செய்கிறவள் வேறு ஒருத்தி. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை.

'ஞாபகமே இருக்காதே, அப்புறம் என்ன கஷ்டம்?' என்கிறார்கள் சில புத்திசாலிகள். அவர்களை ஒருமுறை எண்டோஸ்கோபி அறைக்கு அழைத்துப்போக வேண்டும். மிடாசோலம் என்று ஒரு மருந்து. கொடுத்தால் நோயாளி அரைத்தூக்கத்தில் முனகுவார், கேட்டால் பதில்கூடச் சொல்வார். எழுந்ததும் எதுவும் ஞாபகம் இருக்காது. ஞாபகம்தான் இருக்காதே என்று வலி மருந்தைக் கொடுக்காமல் விட்டால் அந்த டாக்டரை நீங்கள் என்ன சொல்வீர்கள்? மயக்க மருந்தைக் குளிர்பானத்தில் கலந்து கொடுத்துக் கெடுக்கிறவனுக்காக அமெரிக்காவில் 1996ல் தனிச் சட்டமே வந்தது. காலையில் அவளுக்கு ஒன்றும் நினைவில்லை என்பது அங்கே குற்றத்தைக் கூட்டுகிறது, குறைப்பதில்லை.

அடுத்து வருவதுதான் நம் எல்லோருக்கும் பிடித்த வாதம். 'கதைதானே சார், விடுங்க!'

கதையா? கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஆலன் மெமோரியல் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு மனநல மருத்துவமனை. அதன் தலைவர் டாக்டர் யூவென் கேமரன். சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். உலகச் சங்கத்துக்கு முதல் தலைவர். இந்த மனிதர் 1950களின் பிற்பகுதியிலிருந்து 1964 வரை தன்னிடம் வந்த நோயாளிகளை என்ன செய்தார் தெரியுமா? மருந்து கொடுத்து நாள்கணக்கில், சிலரை வாரக்கணக்கில் தூங்கவைத்தார். வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்அதிர்ச்சி கொடுத்தார். பழைய மனசைத் துடைத்து எடுத்தால்தான் புது மனசு எழுத முடியும் என்பது அவர் சித்தாந்தம். துடைத்தபின், தலையணைக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து, பதிவு செய்த ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டினார். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு என்றும், படபடப்பு என்றும் வந்த பெண்கள் அவர்கள். புருஷன் யார், பிள்ளைகள் யார் என்று தெரியாமல், சிறுநீர் அடக்கத் தெரியாமல் வீடு திரும்பினார்கள். ஒரு பினாமி அமைப்பு வழியாகப் பணம் கொடுத்தது சிஐஏ.

இதில் என்னால் ஜீரணிக்க முடியாத விவரம் ஒன்று உண்டு. 1945ல் நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதிக்க நியூரம்பர்க் போன மருத்துவர்களில் இதே கேமரனும் ஒருவர். அதே ஊரில் 1947ல், மனிதர்கள் மீது பரிசோதனை செய்வதற்கு விதிமுறை வகுத்தார்கள். அதில் முதல் விதியே சம்மதம்தான்!

அந்த நோயாளிகளும் ஒரு விதத்தில் சம்மதித்தவர்கள்தான். பெரிய டாக்டர், நல்லது செய்வார் என்று நம்பி தாங்களாகவே நடந்து போனவர்கள். 1988ல் வழக்குப் போட்டவர்களுக்கு சிஐஏ 7,50,000 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 1992ல் கனடா அரசு 77 பேருக்குத் தலா 1,00,000 டாலர் கொடுத்தது. நிபந்தனை என்ன தெரியுமா? முழுசாகத் துடைக்கப்பட்டுக் குழந்தை நிலைக்குப் போனவர்களுக்குத்தான் பணம். அரைகுறையாகத் துடைக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒரு பெண்மணி கோர்ட்டுக்குப் போய் 2004ல் ஜெயித்தார்.

எனவே கதையைத் தடை செய் என்ற கட்சியில் நான் இல்லை. இந்த மாதிரிக் கதை வேண்டும். மனசு உறுத்துகிறது என்றால் கதை தன் வேலையைச் செய்கிறது. 'டால்ஹவுஸ்' மீது எனக்குள்ள புகார் வேறு. முதல் சில எபிசோடுகளில் அது வாடிக்கையாளரின் கண்ணாலேயே பார்க்கிறது. இந்த வாரம் எலைஸா டுஷ்கு என்ன வேஷம், என்ன உடை, எவ்வளவு குட்டையான உடை என்று நம்மையும் வரிசையில் நிற்கவைக்கிறது. கண்டிக்கிற சரக்கையே கடைபரப்பி விற்பது. ஆறாவது எபிசோடில்தான் வீடனுக்குத் தான் என்ன எடுக்கிறோம் என்று உறைத்த மாதிரி இருந்தது. அதற்குள் பலர் சேனலை மாற்றிவிட்டார்கள். 2010 ஜனவரியில் இரண்டே சீசனில் கடையைக் கட்டினார்கள்.

'செவரன்ஸ்' அந்தத் தப்பைச் செய்யவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே உள்ளே மாட்டிக்கொண்டவளின் கண்ணால் பார்க்கிறது. ஹெல்லி என்ற பெண், ஆபீஸுக்குள் கண் விழித்த முதல் நாளே ராஜினாமா செய்கிறாள். வெளியே இருக்கும் ஹெல்லி மறுத்துவிடுகிறாள். மறுபடி கேட்கிறாள். நீ மனுஷியே இல்லை, முடிவு எடுக்கிறவள் நான்தான் என்கிற ரீதியில், தன் முகத்தோடு தன் குரலில் வீடியோ வருகிறது. பார்த்துவிட்டு, அந்த லிஃப்டிலேயே தூக்கு மாட்டிக்கொள்ளப் பார்க்கிறாள். உயிர் பிழைக்கிறாள். பிழைத்ததும் திரும்ப அதே மேஜை, அதே கம்ப்யூட்டர்.

டால்ஹவுஸில் பிரியாவாக நடித்த டிச்சென் லாக்மன்தான் இதிலும் தன்னைத் தெரியாத ஒரு பெண்ணாக வருகிறார். பதின்மூன்று வருஷ இடைவெளி, அதே அப்பாவி முகம். அவர் செவரன்ஸில் வாயைத் திறந்து பேசுகிற முதல் காட்சியைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அந்தப் பெண் எங்கே, எப்போது சம்மதித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.