ஒரு கடிதத்தால் அறுந்த பாதை

கொழும்புக் கோட்டையிலிருந்து பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே வரை, வீதிக்கு மேலே தூண்களின் மீது இலகு ரயில் பாதை அமைக்க ஒரு திட்டம் இருந்தது. நீளம் 15.7 கிலோமீற்றர், நிலையங்கள் 16. அதற்கென 2019 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் யப்பானுடன் முதற்கட்டக் கடன் ஒப்பந்தம் செய்தது. தொகை ஏறக்குறைய 3,000 கோடி யென். நிர்மாண வேலைக்கு வட்டி 0.1 சதவீதம், தீர்க்கும் தவணை 40 ஆண்டுகள், அதில் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். இத்தகைய இலகுவான கடனை எந்த வங்கி கொடுக்கும்?

2020 செப்டெம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் செயலாளர் எழுதிய ஒரு கடிதம் அத்திட்டத்தை முடித்து வைத்தது. செலவு மிகுதி, கொழும்புக்குப் பொருத்தமன்று என்பதே கூறப்பட்ட காரணம்.

“கொழும்பாருக்கு ரயில் ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன?” என்று வன்னியிலே கேட்போர் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். காணி ஆணையாளர் நாயகத்தின் அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கடவுச்சீட்டுத் திணைக்களத்தின் தலைமையகமும் அங்கேதான். வடக்கிலிருந்து ரயிலேறி விடியற்காலையில் கோட்டையில் இறங்கும் கமக்காரன், அங்கிருந்து நெரிசலிலே பஸ் வண்டி பிடித்துத்தான் தன் காணி விடயத்தைப் பேசப் போக வேண்டும். தலைநகரின் அலுவலகங்களைப் புறநகருக்கு மாற்றிய அரசாங்கத்துக்கு, அங்கே செல்லும் பாதையையும் அமைக்கும் கடமை உண்டு. அரசாங்கம் பட்ட கடனுக்கோ சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கொடுக்கும் எல்லோருமே பொறுப்பாளிகள்.

எனினும், இழந்த பாதையிலும் பெரிது இழந்த நம்பிக்கை. புதிய அரசாங்கம் பழைய திட்டத்தை ஆராயக்கூடாது என்பது எமது வாதமன்று. ஆராயட்டும்; கணக்கை வெளியிடட்டும்; மக்கள் பிரதிநிதிகளின் முன் வைத்து வாக்கெடுக்கட்டும். தனியாள் ஒருவர் பத்து ரூபா வாடகை ஒப்பந்தத்தை முறித்தாலும் நீதிமன்றம் காரணம் கேட்கும். இரண்டு நாடுகள் செய்த ஒப்பந்தத்தை முறிக்க ஒரு கடிதம் போதுமென்றால், இந்நாட்டின் கையொப்பத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்வி தமிழ் மக்களுக்குப் புதிதன்று. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பமிட்ட உடன்படிக்கை, 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. அன்று ஏமாந்தவர்கள் தமிழர். 2020இல் ஏமாந்தது யப்பான். நலிந்தவனுக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பழகிய ஆட்சி, வலியவனுக்குக் கொடுத்த வாக்கையும் ஒருநாள் மீறும். நட்டம் நாடு முழுவதற்குமே. 2022 ஏப்ரலில் அந்நியக் கடனைச் செலுத்த இயலாதென்று இலங்கை அறிவித்தபோது, அதே யப்பான் கடன் கொடுத்த நாடுகளின் முன்வரிசையில் இருந்ததை மறக்கலாகாது.

2023 மே மாதத்தில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க டோக்கியோவுக்குச் சென்று இத்திட்டம் நிறுத்தப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். பாராளுமன்றத்தின் இசைவின்றி இத்தகைய திட்டங்களை நிறுத்த முடியாதபடி சட்டம் செய்யப்படும் என்றும் கூறினார். வருத்தம் ஆளோடு போகும், சட்டமே நிலைக்கும்.

அச்சட்டத்துக்கு வழியும் இல்லாமலில்லை. அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரை, அந்நிய முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையொன்றைப் பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அங்கீகரித்தால் அதற்குச் சட்டத்தின் வலுவைக் கொடுக்கிறது. தேசியப் பாதுகாப்பின் பொருட்டன்றி நிர்வாகத் துறை அதை மீறலாகாது. முதலாளியின் பணத்துக்கு இத்தனை காப்பு உண்டென்றால், பொதுமக்களின் ரயில் பாதைக்கு ஏன் இருக்கலாகாது? பெருங்கடன் திட்டங்களைத் தொடங்கவும் நிறுத்தவும் பாராளுமன்றத்தின் வாக்கு வேண்டும். நிறுத்துவதற்கான காரணமும் நட்டக் கணக்கும் மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். பாதை செல்லும் பகுதிகளின் உள்ளூராட்சி சபைகள் கேட்கப்பட வேண்டும்.

தமிழ்ப் பிரதிநிதிகள் இக்கோரிக்கையை முன்னின்று எழுப்ப வேண்டும். மாலபே ரயிலைக் காக்கும் சட்டம், நாளை எமது மக்களோடு செய்யப்படும் உடன்படிக்கையைக் காக்கும் சட்டத்துக்கும் முன்மாதிரியாகும்.