சோலை வரியும் இலக்கமற்ற வீடுகளும்

மடுல்சீமை, பசறை, லுணுகலை எனப் பதுளை மாவட்டத்தின் தோட்டப் பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்கள், கையில் சிறிது பணம் சேர்ந்ததும் தோட்டத்துக்கு வெளியே ஒரு வீடோ பத்துப் பேர்ச்சஸ் காணியோ வாங்க முற்படுவது இன்று பரவலாகக் காணப்படுகின்றது. கொழும்புக் கடைகளில் உழைத்த பணமும், மத்திய கிழக்கிலிருந்து தாய்மார் அனுப்பிய பணமும், ஓய்வுபெறும்போது கிடைத்த ஊழியர் சேமலாப நிதியும் ஒன்றுதிரண்டே இக்கொள்வனவுகள் நடைபெறுகின்றன. அப்போது தரகர்கள் தவறாமல் முன்வைக்கும் வாதம் ஒன்றுண்டு. பதுளை, பண்டாரவளை மாநகர எல்லைக்குள் வாங்கினால் சோலை வரி கட்டவேண்டும், எல்லைக்கு அப்பால் பிரதேச சபைப் பகுதியில் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை என்பதே அது. இதில் பாதி மாத்திரமே உண்மை.

மதிப்பீட்டு வரி என்று ஆவணங்களிலும் சோலை வரி என்று மக்கள் வழக்கிலும் கூறப்படும் இவ்வரி, வீட்டின் விற்பனை விலையின் மீது விதிக்கப்படுவதல்ல. அவ்வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டொன்றுக்கு என்ன கிடைக்கும் என்ற கணிப்பின் அடிப்படையில் நிர்ணயிக்கப்படும் வருடாந்தப் பெறுமதியில் ஒரு வீதமாகவே அது அறவிடப்படுகின்றது. வீதத்தை அந்தந்தச் சபை தீர்மானிக்கின்றது. ஆகவே இரண்டு சபைகளின் வீதங்களை மாத்திரம் ஒப்பிடுவதால் எதுவும் விளங்காது. உதாரணமாக, ஒரு சபை 10 வீதம் அறவிட்டு, வீட்டின் வருடாந்தப் பெறுமதி பழைய மதிப்பீட்டின்படி 30,000 ரூபாவாக இருந்தால் வரி 3,000 ரூபா. அயற்சபை 5 வீதமே அறவிடுகின்றது, ஆனால் அண்மையில் மறுமதிப்பீடு நடந்து பெறுமதி 80,000 ரூபாவாகிவிட்டது என்றால் வரி 4,000 ரூபா. வீதம் பாதியாக இருந்தும் வரி கூடியிருக்கின்றது. மறுமதிப்பீடு எப்போது நடந்தது, அடுத்தது எப்போது என்பதைச் சபை அலுவலகத்தில் கேட்டறியாமல் வீடு வாங்குவது புத்திசாலித்தனமல்ல.

பிரதேச சபைப் பகுதியில் வரியே இல்லை என்பதும் சரியன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், கட்டடங்கள் செறிந்த பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களில் மதிப்பீட்டு வரியையும், ஏனைய இடங்களில் பயிர்ச்செய்கைக்குட்பட்ட பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரியையும் விதிக்க இடமளிக்கின்றது. அதாவது இன்று வரியற்ற வீதி, நாளை ஓர் அறிவித்தலுடன் வரிக்குட்பட்ட வீதியாகலாம். எல்ல நகரைப் பார்த்தாலே இது புரியும். அதுவும் பிரதேச சபைப் பகுதிதான். ஆயினும் உல்லாசப் பயணிகளின் வருகையால் அங்கு காணி விலையும் வாடகையும் ஏறியிருக்கும் வேகம் யாவரும் அறிந்ததே. வாடகை ஏறும் இடத்தில் வருடாந்தப் பெறுமதியும் ஒருநாள் ஏறியே தீரும்.

உண்மையில், வீடு வாங்குவோர் அஞ்சவேண்டியது ஆண்டு வரியை அல்ல. அது காலாண்டுக்கு ஒரு தடவை செலுத்தப்படுவது. ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31ஆம் திகதிக்கு முன் செலுத்தினால் 10 வீதக் கழிவும் உண்டு. கொள்வனவின்போது செலுத்தவேண்டிய முத்திரைத் தீர்வையோ பெறுமதியின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அது மாகாண சபைக்குரியது என்பதால் பதுளையில் வாங்கினாலும் பசறையில் வாங்கினாலும் வேறுபாடில்லை. கவனிக்கவேண்டியது முன்னைய உரிமையாளர் விட்டுச்சென்ற நிலுவை. மதிப்பீட்டு வரி ஆதனத்தைத் தொடர்வது. ஆளை மாத்திரம் தொடர்வதல்ல. உறுதி எழுதி முடிந்த பின்னர் பல ஆண்டு நிலுவைக்கான அறிவித்தல் புதிய உரிமையாளரின் கதவைத் தட்டினால் தரகர் அங்கு இருக்கப்போவதில்லை. மதிப்பீட்டு இடாப்பின் பிரதி, இறுதிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையெழுத்துக்கு முன்னரே கேட்கவேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பதுளை மாவட்டத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசையும் சேர்த்தே கேட்கவேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையையும் 2025 நவம்பரில் டித்வா சூறாவளியையும் கண்ட மாவட்டம் இது.

இவ்வளவும் வாங்க வசதியுள்ளவர்களின் கதை. லயன் அறையில் வாழ்பவருக்குச் சோலை வரியே கிடையாது. அதனைச் சலுகை என்று கருதுவோர் இன்றும் உள்ளனர். ஆனால் வரி இடாப்பில் இலக்கம் இல்லாத வீட்டுக்கு முகவரியும் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வருகின்றது. பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்தை நிரூபிக்க வீட்டுறுதி இல்லை, வரிப் பற்றுச்சீட்டும் இல்லை. வங்கியில் ஈடு வைக்கவும் எதுவுமில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் விசித்திரமானது. தோட்டக் காணிக்கு ஏக்கர் வரி விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. அதே தோட்டத்தின் லயத்துக்குப் பாதையமைக்கவோ வடிகான் வெட்டவோ சபை நிதியைச் செலவிட இடமில்லை என்றே நெடுங்காலம் விளக்கம் கூறப்பட்டது. தோட்டம் தனியார் நிர்வாகத்துக்குட்பட்டது என்பது காரணம். 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டமே இத்தடையை நீக்கியது. வாக்களித்துப் பிரதேச சபை உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்களுக்கு அவர் ஒரு மின்விளக்குக்கூடப் போட முடியாதிருந்த அந்த 31 ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று எவரும் கேட்கவில்லை.

அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களில் காணியுடன் தனி வீடுகள் அமைக்கப்பட்டு வருகின்றன. இந்திய உதவியிலான 10,000 வீட்டுத் திட்டத்தின் கீழ் 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் சுமார் 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. வரவேற்கத்தக்க விடயம். ஆயினும் இவ்வீடுகள் எந்தச் சபையின் இடாப்பில், எந்த இலக்கத்துடன், எந்த வீதிப் பெயருடன் பதிவாகும் என்ற கேள்வி மேடைகளில் எழுவதில்லை. மதிப்பீட்டு இடாப்பில் பெயர் இருப்பது காணியுரிமைக்குச் சமமாகாது என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். உறுதியின் இடத்தைப் பற்றுச்சீட்டு பிடித்துவிட முடியாது. ஆனால் குடியிருப்புக்கு அது ஒரு சான்று. வடிகானும் குப்பை அகற்றலும் கேட்பதற்கு அது ஓர் ஆதாரம்.

இதனால் புதிய சுமை ஏற்படாதா என்ற அச்சம் நியாயமானது. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாவும் பணமே. ஆகவே வருமானம் குறைந்த குடியிருப்புகளுக்குப் பெயரளவிலான பெறுமதியை நிர்ணயிப்பதும், அறிவித்தல்களைத் தமிழிலும் அனுப்புவதும் முன்நிபந்தனைகளாக வேண்டும். இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை பல உள்ள மாவட்டத்தில், ஆட்சேபனைக்கான கால எல்லை சிங்களத்தில் மாத்திரம் அச்சிடப்பட்ட தாளில் வந்து சேருமாயின் அந்த உரிமையால் பயனில்லை.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதியே தேர்தல் நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளும் அதிகாரிகளே வரவு செலவுத் திட்டத்தை வகுத்தனர். இப்போது பதுளை மாவட்டத்தின் தோட்டப்புறங்களிலிருந்தும் தெரிவான உறுப்பினர்கள் சபைகளில் அமர்ந்திருக்கின்றார்கள். ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அவர்கள் முன் வைக்கப்படும். தத்தம் வட்டாரத்தில் எத்தனை தோட்ட வீடுகளுக்கு இலக்கம் வழங்கப்பட்டிருக்கின்றது என்று சபைச் செயலாளரிடம் கேட்பதற்கு அந்த அமர்வைவிடப் பொருத்தமான சந்தர்ப்பம் வேறில்லை.